ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மூன்று பொருத்தம்

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

முன்னுரை

திருமணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். மாப்பிள்ளை எவ்வளவு சிறந்தவராயினும், பெண் எவ்வளவு நல்லவளாயினும், இருவர்க்கும் பொருத்தம் இல்லையென்றால் பெரியவர்கள் தயங்குவார்கள். அந்தப் பொருத்தத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு செய்தி. ஆனால் வீட்டில் திரைப்படம் பார்ப்பதற்காகக் குறைந்த செலவில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்குகிறவர்கள், அவ்விரண்டுக்கும் இடையே மூன்றே மூன்று பொருத்தம் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பம் ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை நம் கல்லூரித் தோழர்கள் காசு கொடுக்காமலே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் ஊர் செண்பகனூர். வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறும் பேருந்து, வெள்ளி அருவியைக் கடந்து கொடைக்கானலை அடைவதற்கு முன் எங்கள் ஊரைத் தொடும். ஆர்க்கிட் செடிகளுக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் பெயர் பெற்ற ஊர். மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி முன் அமர்வதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை.

எங்கள் அப்பத்தாவுக்குக் காது மந்தம். பழைய படங்கள் என்றால் உயிர். ஆனால் படம் ஓடும்போது, "ஏன்டா தம்பி, அவன் என்னடா சொல்றான்? வாயி மட்டுந்தான் அசையுது" என்று வரிக்கு வரி கேட்பார். காய்கறி வேன் ஓட்டும் என் அண்ணன் இதைக் கேட்டுக் கேட்டு, ஆறு மாதம் சேர்த்த பணத்தில் 5,400 ரூபாய்க்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியின் மேல் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. காரில் பொருத்தும் ஸ்பீக்கர்கள் நான்கை 3,000 ரூபாய்க்கு வாங்கினார். "ஆயிரம் வாட்டு, அப்பத்தா! இனி ஊருக்கே கேக்கும்" என்றார்.

முதல் நாள் இடைவேளை வருவதற்குள் பெட்டியிலிருந்து கருகிய வாடை வந்தது. ஒலி நின்றது. பழுது பார்ப்பவர் உள்ளிருந்த ஐ.சி.யை மாற்றி 600 ரூபாய் வாங்கினார். மறுவாரம் நல்ல மழை. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழைச் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை என்று அண்ணன் குமிழை முடிந்தவரை திருப்பினார். ஒலி கரகரத்தது. பிறகு ஸ்பீக்கர்களின் நடுவிலிருந்த சிறிய ட்வீட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டன. அப்பத்தா, "இப்ப முன்னயவிட ஒண்ணும் வெளங்கல" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி என்பது பின்னால் தெரிந்தது.

இரு முறையும் அண்ணன் கடையைத்தான் திட்டினார். அந்தப் பெட்டியை நான் நம் இயற்பியல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, பேராசிரியர் ஒருவரின் துணையோடு சோதித்தேன். கடையின் அட்டைப்பெட்டி பொய் சொன்னது உண்மை. ஆனால் பெரும்பகுதிக் குற்றம் பொருத்தம் பார்க்காத எங்களுடையதே.

பெயரில் ஒரு மயக்கம்

தமிழில் ஸ்பீக்கரை 'ஒலிபெருக்கி' என்கிறோம். ஆம்ப்ளிஃபயரைப் பாடநூல்கள் 'பெருக்கி' என்கின்றன. இரண்டு பெயரிலும் 'பெருக்கி' இருப்பதால் இரண்டும் எதையோ பெருக்குகின்றன என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. அது மின்சாரத்தை ஒலியாக மாற்றும் கருவி மட்டுமே. அதிலும் தாராளமாக வீணடிக்கும் கருவி. மயக்கம் தவிர்க்க, இக்கட்டுரையில் கடைத்தெருவில் வழங்கும் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்ற சொற்களையே ஆள்கிறேன்.

காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளைக் கொண்டு ஒலி எழுப்பலாம் என்பதற்கு ஆலிவர் லாட்ஜ் 1898-இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கு வடிவம் தந்தவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர். அவர்கள் தம் ஆய்வை வெளியிட்ட ஆண்டு 1925. நூறாண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு, அவ்வளவுதான். சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது.

முதற் பொருத்தம்: ஓம்

ஸ்பீக்கரின் முதுகில் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என்று எழுதியிருக்கும். இது அதன் மின் எதிர்ப்பு. மாறுமின்னோட்டத்துக்கு உரிய அளவாதலால் அதிர்வெண்ணுக்கு ஏற்ப இது மாறும். 8 ஓம் ஸ்பீக்கரே தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் 30 ஓமுக்கு மேலும் காட்டக்கூடும். எழுதியிருக்கும் எண் ஒரு பெயரளவு மதிப்பு. உண்மையான மின் எதிர்ப்பு எந்த அதிர்வெண்ணிலும் பெயரளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது பன்னாட்டுத் தரவிதி. மல்டிமீட்டரால் அளந்தால் சுருளின் நேர்மின்தடை மட்டும் தெரியும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரும்பாலும் 6 முதல் 7 ஓம் வரை இருக்கும். எழுத்து அழிந்துபோன பழைய ஸ்பீக்கரை அடையாளம் காண இவ்வழி உதவும்.

இங்கே நம்மைப் போன்ற இயற்பியல் மாணவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. பெருமத் திறன் மாற்றத் தேற்றத்தைப் படித்திருக்கிறோம். மூலத்தின் உள்தடையும் சுமையின் தடையும் சமமாக இருக்கும்போது திறன் மிகுதியாக மாற்றப்படும் என்பது அத்தேற்றம். ஆகவே 8 ஓம் ஸ்பீக்கருக்கு 8 ஓம் உள்தடை கொண்ட ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் உள்தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குச் சமமான சுமையை இணைத்தால் அது குறுக்குச் சுற்று ஆகிவிடும். திறன் மாறுவதற்கு முன் புகை வரும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒரு மின்னழுத்த மூலம் போல இயங்குகிறது. ஆம்ப்ளிஃபயர் இத்தனை வோல்ட் தருவேன் என்கிறது. எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதை ஸ்பீக்கரே முடிவு செய்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் உள்தடை மிகுதி. அதனால்தான் அவற்றில் ஸ்பீக்கருக்கு முன் ஒரு பொருத்து டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள்.

எங்கள் பெட்டியின் கணக்கைப் பார்ப்போம். அது தரக்கூடிய உச்ச மின்னழுத்தம் 14 வோல்ட். உள்ளிருந்த ஐ.சி. தாங்கும் உச்ச மின்னோட்டம் 3.5 ஆம்பியர். 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை இணைத்தால் 14-ஐ 4-ஆல் வகுக்க 3.5 ஆம்பியர். எல்லையைத் தொட்டு நிற்கும். அண்ணன் என்ன செய்தார்? நான்கு ஸ்பீக்கர் இருக்கிறதே என்று பக்கத்துக்கு இரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்தார். இரண்டு 4 ஓம் பக்க இணைப்பில் 2 ஓம் ஆகும். 14-ஐ 2-ஆல் வகுக்க 7 ஆம்பியர். தாங்கும் எல்லைக்குச் சரியாக இரு மடங்கு! முதல் நாள் ஐ.சி. கருகியதன் காரணம் இதுவே.

கார் ஸ்பீக்கர்கள் 4 ஓமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. காரில் கிடைப்பது 12 வோல்ட் பேட்டரி. மின்னழுத்தம் குறைவாதலால், அதே அழுத்தத்தில் இரு மடங்கு திறன் பெற மின் எதிர்ப்பைப் பாதியாக்கினார்கள். காருக்கு அது பொருத்தம். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இரண்டை ஒன்றாகப் பக்க இணைப்பில் சேர்ப்பதே ஆபத்து.

ஆகவே முதல் விதி இது: ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 'குறைந்த அளவு இத்தனை ஓம்' என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கர்களின் கூட்டு மதிப்பு அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். மேலே போனால் ஒலி சற்றுக் குறையும், கேடில்லை. கீழே போனால் ஆம்ப்ளிஃபயர் அழியும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடர் இணைப்பில் சேர்த்தால் 8 ஓம் ஆகும், ஆபத்து நீங்கும்.

இரண்டாம் பொருத்தம்: வாட்

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 1000 வாட் எங்கிருந்து வந்தது? பி.எம்.பி.ஓ. என்னும் அளவுக்கு எந்தத் தர விதியும் கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணை எழுதலாம். நாம் நம்ப வேண்டியது ஆர்.எம்.எஸ். முறையில் சொல்லப்படும் தொடர் வாட் ஒன்றையே. அதுவும் எத்தனை ஓமில், எத்தனை சேனல் ஒரே நேரத்தில் இயங்கும்போது என்பவற்றைச் சேர்த்துச் சொன்னால்தான் பொருள்படும்.

மூடியைக் கழற்றி டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். எங்கள் பெட்டியில் இருந்தது 12-0-12 வோல்ட், 5 ஆம்பியர். 24-ஐ 5-ஆல் பெருக்க 120 வோல்ட் ஆம்பியர். 120 உள்ளே போக 1000 வெளியே வருமா? ஆற்றல் அழிவின்மை விதியைப் பள்ளியிலேயே படித்தோம். ஆனால் கடையில் நிற்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை!

கணக்கை மேலும் தொடர்வோம். 12 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சம் 17 வோல்ட். டையோடில் இழப்புப் போக ஏறத்தாழ 16. ஐ.சி. தனக்கென எடுத்துக்கொள்வது 2. எஞ்சுவது 14 வோல்ட் உச்சம். அதாவது 10 வோல்ட் ஆர்.எம்.எஸ். பத்தின் இருமடி 100. அதை 8-ஆல் வகுக்க 12.5 வாட், 4-ஆல் வகுக்க 25 வாட். ஆய்வகத்தில் 8 ஓம் மின்தடையை இணைத்து, சி.ஆர்.ஓ.வில் சைன் அலையைப் பார்த்துக்கொண்டே குமிழை உயர்த்தினோம். 10 வோல்ட்டை நெருங்கியதும் அலையின் தலை மழுங்கியது. ஆயிரம் வாட் பெட்டி ஒரு பக்கத்துக்குத் தந்தது பன்னிரண்டரை வாட்!

அந்தத் தலை மழுங்குதலைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். ட்வீட்டரைக் கொன்றதும் அதுவே. பலரும் நினைப்பது போலப் பெரிய ஆம்ப்ளிஃபயர் மட்டுமே ஸ்பீக்கரை எரிக்கும் என்பதில்லை. சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் விரட்டினாலும் ஸ்பீக்கர் எரியும். உச்சம் மாறாமல் சைன் அலை முழுச் சதுர அலையாக மாறினால் அதன் திறன் இரு மடங்காகிறது. மேலும் சதுர அலையில் உயர் அதிர்வெண் சேர்க்கைகள் நிறைய உண்டு என்பதை ஃபூரியர் பகுப்பாய்வில் படித்திருக்கிறோம். அவை நேராக ட்வீட்டருக்கே போகின்றன. சாதாரண இசையில் உயர் அதிர்வெண்களின் பங்கு சிறிது என்பதை நம்பி, ட்வீட்டரின் சுருளை மயிரிழை போன்ற மெல்லிய கம்பியால் செய்கிறார்கள். தொடர்ச்சியாக அது தாங்குவது சில வாட் மட்டுமே. மழை இரவில் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இரண்டாம் விதி: ஆம்ப்ளிஃபயரின் நேர்மையான தொடர் வாட், ஸ்பீக்கர் தாங்கும் தொடர் வாட்டுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருப்பது நல்லது. குறைவாக இருந்தாலும் கேடில்லை. ஆனால் ஒலி கரகரக்கத் தொடங்கிய கணமே குமிழைக் குறைக்க வேண்டும். கரகரப்பு என்பது ஸ்பீக்கரின் முனகல்.

மூன்றாம் பொருத்தம்: உணர்திறன்

முதல் இரண்டையும் கடைக்காரர்களே சிலசமயம் சொல்வார்கள். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. ஆனால் குறைந்த பணத்தில் வாங்குகிறவர்களுக்கு மூன்றிலும் முக்கியமானது இதுவே.

ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்று அளப்பதே உணர்திறன். 92 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர், கொடுத்த மின்திறனில் ஏறத்தாழ 1 விழுக்காட்டை மட்டுமே ஒலியாக மாற்றுகிறது. 86 டெசிபல் என்றால் கால் விழுக்காடு. எஞ்சியதெல்லாம் சுருளில் வெப்பமாகிறது. சுருள் 100 டிகிரி சூடேறினால் செம்பின் தடை ஏறத்தாழ 39 விழுக்காடு கூடும். ஆகவே முறுக்கும் அளவுக்கு ஏற்ப ஒலி எழாது.

டெசிபல் கணக்கில் மூன்று செய்திகளை நினைவில் வைத்தால் போதும். திறன் இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். நம் செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்றுவதற்கே அந்த 10 டெசிபல் தேவை. அதாவது ஒலி இரட்டிப்பாகக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

இப்போது ஒப்பிடுவோம். எங்கள் கார் ஸ்பீக்கரின் தாளில் 87 டெசிபல் என்றிருந்தது. ஆனால் அது 2.83 வோல்ட்டில் அளந்தது. 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட். 4 ஓமில் 2 வாட். ஆகவே 1 வாட்டுக்கு அதன் உண்மை மதிப்பு 84 டெசிபலே. தேர்வில் கேட்கத்தக்க நுட்பம் இது. அதற்கு மாறாக, நல்ல காகிதக் கூம்பு கொண்ட 8 அங்குல, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றின் உணர்திறன் 93 டெசிபல். வேறுபாடு 9 டெசிபல். 9 டெசிபல் என்பது ஏறத்தாழ எட்டு மடங்கு திறன். எனவே 93 டெசிபல் ஸ்பீக்கரில் 12.5 வாட் தரும் ஒலியை, 84 டெசிபல் ஸ்பீக்கரில் பெற 100 வாட் வேண்டும்! ஆம்ப்ளிஃபயரில் எட்டு மடங்கு செலவு செய்வதா, ஸ்பீக்கரைப் பார்த்து வாங்குவதா? ஏழை வீட்டுக்கு எது ஏற்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

திருவிழாக்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் இதற்குக் கண்கண்ட சான்று. சில பத்து வாட் கொண்ட ஒரே குழாய், எங்கள் ஊரில் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர் மலைக்குக் கேட்கிறது. காரணம், அதன் விரியும் வாய். சிறிய தகட்டின் அசைவுக்கும் பரந்த காற்றுக்கும் இடையே அது ஒரு பொருத்து டிரான்ஸ்ஃபார்மர் போல வேலை செய்கிறது. பொருத்தம் என்பது கம்பியில் மட்டுமன்றிக் காற்றிலும் உண்டு. (குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த எல்லை என்பதையும் விழாக் குழுவினர் நினைவில் கொள்க!)

சிறு பொருத்தங்கள்

கம்பி: 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 0.017 ஓம். 10 மீட்டர் தொலைவுக்குப் போக வர 20 மீட்டர், தடை 0.34 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பொருட்டல்ல. நூல் போன்ற 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 1.7 ஓம் ஆகும். திறனில் கணிசமான பங்கு வழியிலேயே போய்விடும். விலை மிகுந்த கம்பி தேவையில்லை. வீட்டு மின்வேலைக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும்.

முனை: இரு ஸ்பீக்கர்களில் ஒன்றின் முனைகள் மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முனை தெரியாத ஸ்பீக்கரை 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை.

மின்தேக்கி: ட்வீட்டருக்கு முன் முனையற்ற மின்தேக்கி ஒன்றைத் தொடரில் வைக்காமல் இணைக்கக் கூடாது. 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரடு வைத்தால், ஏறத்தாழ 4,200 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலிகள் படிப்படியாகத் தடுக்கப்படும்.

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்

திரையரங்குகளில் டால்பி டிஜிட்டல் ஒலி 1992-இல் வந்தது. அதன் 5.1 அமைப்பு பிறகு வீட்டுக்கும் வந்தது. முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று என்பது அதன் அடக்கம். பன்னாட்டுப் பரிந்துரைப்படி முன் ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து 30 டிகிரியிலும், பக்க ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரிக்குள்ளும் அமைய வேண்டும்.

ஆசைதான். ஆனால் ஐந்து சேனலுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் 120 வோல்ட் ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் ஐந்து 4 ஓம் ஸ்பீக்கர்களை முழுத்திறனில் இயக்க 125 வாட் வேண்டும். பி வகை ஆம்ப்ளிஃபயரின் உச்சப் பயனுறுதிறனே 78.5 விழுக்காடு. எனவே அது நடவாத செயல். குறைந்த பணத்தில் ஆறு மோசமான ஸ்பீக்கர்களை வாங்குவதைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர்களை வாங்குவது மேல். மற்றவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

அறையும் ஸ்பீக்கரும் கூடப் பொருந்த வேண்டும். 4 மீட்டர் நீள அறையில் 340-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 42 ஹெர்ட்சில் ஒத்ததிர்வு எழும். அங்கே சப்வூஃபர் முழங்கும்; தகரக் கூரை சேர்ந்து நடுங்கும். மலையில் இன்னொரு செய்தி. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. கூம்பு தள்ளும் காற்று லேசாக இருப்பதால் ஒலியும் ஒன்றிரண்டு டெசிபல் குறையும். சூடேறும் அலுமினியத் தகட்டிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும் ஆற்றலும் அக்காற்றுக்குக் குறைவு. குளிர் ஊர்தானே என்று பெட்டியின் துளைகளைத் துணியால் மூடிவிடக் கூடாது.

அப்பத்தா சொன்னது ஏன் சரி?

முதுமையில் செவி முதலில் இழப்பது உயர் அதிர்வெண்களை. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக ஒலிக்கின்றன. ஆனால் சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுபவை பெரும்பாலும் மெய்கள். அவற்றில் ச, த, ட போன்ற வல்லின ஒலிகளின் அடையாளம் 2,000 ஹெர்ட்சுக்கு மேலேதான் மிகுதி. ட்வீட்டர் எரிந்த பின் எங்கள் பெட்டியில் முழக்கம் இருந்தது, வல்லினம் இல்லை. 'படம்' என்பதும் 'பதம்' என்பதும் ஒன்றாகிவிட்டன. அப்பத்தாவுக்குத் தேவைப்பட்டது ஊருக்கே கேட்கும் வாட் அன்று. அவருக்கு விளங்கும் தெளிவு.

பிறகு செய்தது இவ்வளவே. கார் ஸ்பீக்கர்களைக் கழற்றினோம். 93 டெசிபல் உணர்திறன் கொண்ட இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களையும், மின்தேக்கியோடு கூடிய ட்வீட்டர்களையும் வாங்கினோம். ஊர்த் தச்சர் ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து தந்தார். எல்லாம் சேர்ந்து 2,800 ரூபாய். ஆம்ப்ளிஃபயர் அதே பழைய 'ஆயிரம் வாட்' பெட்டிதான். ஒரு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எடுத்து அப்பத்தாவின் கட்டிலுக்கு அருகே, 4 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குக் கொண்டுவந்தோம். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் 6 டெசிபல் கூடும். நான்கு மடங்கு வாட் வாங்கியதற்குச் சமம். அறைக்குள் அந்த அளவு கிடைக்காது என்றாலும், கிடைத்தது காசில்லாமல் கிடைத்தது.

முடிவுரை

தோழர்களே! ஓம் பொருந்தினால் ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும். வாட் பொருந்தினால் ஸ்பீக்கர் பிழைக்கும். உணர்திறன் பார்த்து வாங்கினால் பணம் பிழைக்கும். அட்டைப்பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணைப் பார்க்காமல், டிரான்ஸ்ஃபார்மரின் மேலுள்ள சிறிய எண்ணையும் ஸ்பீக்கரின் தாளிலுள்ள டெசிபலையும் பாருங்கள். ஓம் விதியும் ஆற்றல் அழிவின்மை விதியும் தேர்வு எழுதி மறப்பதற்கு மட்டும் உரியவை அல்ல. அண்ணன் ஆறு மாதம் மலைப்பாதையில் வேன் ஓட்டிச் சேர்த்த பணத்தைக் காத்திருக்கக்கூடியவை அவை. அவர் பெட்டி வாங்கப் புறப்பட்ட நாளில், இயற்பியல் படிக்கும் தம்பியாகிய நான் அவரோடு கடைக்குப் போகவில்லை என்பதே என் வருத்தம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். வெளியே மழை. பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்தார். அப்பத்தா கையை உயர்த்தி, "செத்த பேசாம இருடா, வசனம் போகுதுல்ல" என்றார்.